நான்சென் தந்த தாள்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூலையில் கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கிறது. உழைத்து ஓய்ந்த கருவிகள் அதனுள்ளே வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, ஒன்றரை முழ நீளமுள்ள பித்தளைக் குழாய். இரு முனையும் திறந்த நிலையில் அதைக் கம்பியில் பொருத்திக் கடலுக்குள் இறக்குவார்கள். வேண்டிய ஆழத்தை அடைந்ததும், மேலேயிருந்து ஒரு சிறு எடையைக் கம்பி வழியே நழுவவிடுவார்கள். அது போய்த் தட்டியவுடன் குழாய் தலைகீழாகக் கவிழும். இரு முனையும் மூடிக்கொள்ளும். கூடவே கட்டிய வெப்பமானியில் பாதரச இழை அறுபட்டு, அந்த ஆழத்தின் வெப்பநிலையை அப்படியே காட்டி நிற்கும். இதற்கு நான்சென் குப்பி என்று பெயர். கடலியல் படிக்க வந்த முதல் ஆண்டில், நான்சென் என்பவர் இதைச் செய்து விற்ற பட்டறைக்காரர் போலும் என்றே நான் எண்ணியிருந்தேன்.

பிறகுதான், அதே பெயரில் ஒரு பாஸ்போர்ட்டும் இருந்தது என்பதை அறிந்தேன். கடல் நீரை அள்ளும் குப்பிக்கும் நாடிழந்தோர் கையிலிருந்த தாளுக்கும் ஒரே மனிதரின் பெயர்! அந்த வியப்பிலிருந்து தொடங்கியதே இக்கட்டுரை. வரலாற்று மாணவர்கள் என்னைவிட நன்றாக எழுதக்கூடும். ஆயினும் இந்த மனிதர் முதலில் எங்கள் இனத்தவர், அதாவது விஞ்ஞான மாணவர். ஆகவே எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

ஃபிரித்யோஃப் நான்சென் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், நார்வே நாட்டில் கிறிஸ்டியானியா நகருக்கு அருகில் பிறந்தார். அந்நகரைத்தான் இன்று ஆஸ்லோ என்கிறோம். தந்தையார் வழக்கறிஞர். பையனோ பனிச்சறுக்கிலும் காட்டிலும் வளர்ந்தான். பல்கலைக்கழகத்தில் விலங்கியலைத் தேர்ந்ததற்குக் கூட, அதைப் படித்தால் வெளியில் சுற்றலாம் என்ற ஆசையே காரணம் என்பர். 1882இல் கடல்நாய் வேட்டைக் கப்பல் ஒன்றில் ஏறி வடகடலுக்குப் போய்வந்தார். திரும்பியதும் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. சுற்றலாம் என்று விலங்கியலை எடுத்தவர், ஆறாண்டுக் காலம் நுண்ணோக்கியின் முன்னே குனிந்திருந்தார். விஞ்ஞானம் படிக்கும் நண்பர்களுக்கு இது புதிய கதையன்று.

அவர் ஆராய்ந்தது நரம்பு மண்டலம். நரம்புகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்த ஒரே வலை என்பதே அந்நாளில் பெரியோர் பலர் கொண்ட கொள்கை. இத்தாலியப் பேரறிஞர் கோல்கியும் அவ்வாறே நம்பினார். வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டவர் அவர். 1886இல் நான்சென் பாவியா நகருக்குச் சென்று அவரிடமே அம்முறையைக் கற்றார். கற்றுவந்து அதே சாயத்தைக் கொண்டு பார்த்து, நரம்பணுக்கள் தனித்தனியானவை, ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று எழுதினார். குருவின் சாயத்தாலேயே குருவை மறுத்தாயிற்று. இக்கொள்கையை முழுமையாக நிலைநாட்டிய புகழ் ஸ்பெயின் நாட்டுக் கஹாலுக்கே உரியது. எனினும் தொடக்கத்தில் சொன்ன சிலருள் நான்சென் ஒருவர். 1888 ஏப்ரலில் டாக்டர் பட்டத்திற்கான வாதத்தை முடித்தார். முடித்து நான்கே நாளில் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார்!

கிரீன்லாந்தின் உட்பகுதியை அதுவரை எவரும் குறுக்கே கடந்ததில்லை. முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து உள்ளே போய், இடர் வந்ததும் திரும்பினார்கள். நான்சென் திட்டத்தைத் தலைகீழாக்கினார். ஆளற்ற கிழக்குக் கரையில் இறங்குவது, மேற்கு நோக்கி நடப்பது. பின்னால் திரும்பினால் சாவு. முன்னால் போனால் ஊர். திரும்பும் வழியை அடைத்துவிட்டால் மனம் தடுமாறாது என்பது அவர் கணக்கு. ஆறு பேர் போனார்கள். அவருள் இருவர் சாமி இனத்தவர். பனிப்பாளங்கள் படகுகளை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே அடித்துச் சென்றன. மீண்டும் வடக்கே வந்து, ஆகஸ்டு நடுவில் ஏறத் தொடங்கி, அக்டோபர் 3ஆம் நாள் மேற்குக் கரை ஊரான காட்ஹாப்பை அடைந்தனர். ஆனால் அவ்வாண்டின் கடைசிக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டது. குளிர்காலம் முழுவதும் எஸ்கிமோக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட இனுயித் மக்களிடையே தங்கி, அவர்களின் தோல்படகை ஓட்டவும் வேட்டையாடவும் கற்றார். அந்தப் பாடம்தான் பின்னொரு நாள் அவர் உயிரைக் காத்தது.

அடுத்த பயணமே அவரை உலகறியச் செய்தது. 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே ஜீனெட் என்னும் அமெரிக்கக் கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்றாண்டு கழித்து அதன் சிதைவுகள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் துருவத்தின் பனி முழுவதும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது தெளிவு. நகரும் பனியோடு போரிடுவானேன்? அதிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டால் என்ன? நசுக்கும்போது மேலே வழுக்கி எழும்படி, அடிப்பகுதி உருண்டையான கப்பல் ஒன்றைக் கட்டச் செய்தார். அதன் பெயர் ஃப்ராம்; முன்னோக்கி என்பது பொருள். 1892இல் இலண்டன் புவியியல் கழகத்தில் இத்திட்டத்தைச் சொன்னபோது, துருவக்கடலில் நரைத்த மாலுமிகள் பலர் நம்பவில்லை. 1893 செப்டம்பரில் ஃப்ராம் பனியில் உறைந்தது. அவர் சொன்னபடியே நசுங்காமல் எழுந்து மிதந்தது.

ஆனால் மிக மெதுவாக நகர்ந்தது. பொறுமை இழந்த நான்சென், 1895 மார்ச் 14ஆம் நாள் யோஹான்சென் என்னும் தோழரோடும் 28 நாய்களோடும் கப்பலை விட்டிறங்கித் துருவம் நோக்கி நடந்தார். ஏப்ரலில் 86 பாகை 14 கலை வட அகலக்கோட்டை எட்டினார்கள். அதற்கு முன் மனிதர் எவரும் அத்துணை வடக்கே போனதில்லை. அதற்கப்பால் பனி முகடுகளே. திரும்பினார்கள். நகரும் பனியில் கப்பலைத் திரும்பக் காண வழியில்லை. ஃபிரான்ஸ் யோசப் தீவுகளை அடைந்து, கல்லும் பாசியும் வால்ரஸ் தோலும் கொண்டு குழி போன்ற குடிசை கட்டி, கரடி இறைச்சியைத் தின்று ஏறத்தாழ எட்டு மாதம் அதற்குள் கிடந்தனர். இருவரும் ஒரே உறக்கப்பையில் படுத்தவர்கள். அப்படியிருந்தும் ஒருவரையொருவர் நீங்கள் என்றே அழைத்து வந்தனராம். 1895ஆம் ஆண்டின் கடைசி இரவில்தான் இனி நீ என்றே அழைத்துக்கொள்வோம் என்று நான்சென் முன்மொழிந்தார். விடுதி அறையில் இரண்டாம் நாளே வாடா போடா என்று அழைக்கும் நம் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

1896 ஜூனில் ஜாக்சன் என்னும் ஆங்கிலேயப் பயணி தற்செயலாக அவர்களைக் கண்டார். எடை பார்த்தபோது நான்சென் ஏறத்தாழ 10 கிலோ பருத்திருந்தார்! ஆகஸ்டில் அவர் நார்வேயில் கால் வைத்த அதே நாட்களில் ஃப்ராமும் பனியிலிருந்து விடுபட்டு ஊர் சேர்ந்தது. ஒருவரும் சாகவில்லை. இப்பயணத்தில் அவர் கண்டவற்றுள் எங்கள் துறைக்கு உயிரானது ஒன்று. காற்று வீசும் திசையில் பனி நேரே போகவில்லை. 20 முதல் 40 பாகை வரை வலப்புறம் விலகிச் சென்றது. பூமியின் சுழற்சியே காரணம் என்று அவர் ஊகித்தார். அதைக் கணக்கால் நிறுவியவர் ஸ்வீடன் நாட்டு எக்மன். இன்றும் தேர்வில் எக்மன் சுருள் கேட்காத ஆண்டில்லை.

இவ்வளவோடு அவர் நின்றிருந்தாலும் பாடநூல்களில் ஒரு பக்கம் கிடைத்திருக்கும். நாம் பேச வந்தது அதன் பிறகு நடந்தது.

1814 முதல் நார்வே ஸ்வீடனோடு ஒரே அரசரின் கீழ் பிணைக்கப்பட்டிருந்தது. உள்நாட்டு ஆட்சி தன்னுடையது. வெளிநாட்டு உறவு ஸ்வீடனுடையது. நார்வேயின் வணிகக் கப்பல்கள் உலகெங்கும் சென்றன. ஆனால் அயல் துறைமுகங்களில் அவற்றுக்கென்று தன் நாட்டுத் தூதரகம் இல்லை. இந்தத் தூதரகப் பூசலே முற்றி 1905 ஜூன் 7ஆம் நாள் பிணைப்பை அறுத்தது. ஆகஸ்டில் நடந்த பொது வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகள். எதிராக வெறும் 184. இரு நாட்டுப் படைகளும் எல்லையில் நின்றன. நான்சென் ஐரோப்பியப் பத்திரிகைகளில் தம் நாட்டின் வழக்கை எழுதினார். போர்க்கூச்சலிட்ட தம் நாட்டாரையும் அடக்கிப் பேசினார். பின்னர் கோபன்ஹேகனுக்குச் சென்று, டென்மார்க் இளவரசர் கார்லை நார்வேயின் அரியணைக்கு இசையச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். 1906 முதல் 1908 வரை இலண்டனில் நார்வேயின் முதல் தூதர். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ருஷ்யா ஆகிய நான்கு வல்லரசுகளும் நார்வேயின் எல்லைக்கு உறுதி தந்த உடன்படிக்கை 1907 நவம்பரில் கையெழுத்தாயிற்று. வேலை முடிந்தது, வீடு திரும்பலாம் என்றிருந்த வேளையில் மனைவி ஏவாவுக்கு நிமோனியா என்று தந்தி வந்தது. ஓடினார். வீட்டை அடையுமுன்னே அம்மையார் இறந்துவிட்டார்.

பிறகு சில ஆண்டுகள் கடலியல் பேராசிரியராக இருந்தார். எங்கள் அலமாரிக் குப்பி அவருடைய கடலியல் பணியின் விளைவு.

1914இல் மூண்ட உலகப் போர் 1918இல் ஓய்ந்தது. ஆனால் போர்க்கைதிகளுக்கு ஓயவில்லை. சைபீரிய முகாம்களில் ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் ஹங்கேரியரும், ஜெர்மனியில் ருஷ்யரும் எனப் பல இலட்சம் பேர் இரண்டு ஆண்டுகளாக வீடு திரும்பாமல் பசியிலும் நோயிலும் செத்துக்கொண்டிருந்தனர். புதிதாய்ப் பிறந்த சர்வதேச சங்கம் 1920 ஏப்ரலில் இந்த வேலையை நான்செனிடம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 58.

இங்கேதான் ஒரு முடிச்சு. சோவியத் அரசைச் சங்கத்தின் பெரிய நாடுகள் பல அங்கீகரிக்கவில்லை. சோவியத் அரசும் சங்கத்தை அங்கீகரிக்கவில்லை. இருவரும் பேசவே முடியாது. மாஸ்கோ வேறொரு வழி சொல்லிற்று: சங்கத்தோடு பேசமாட்டோம், நான்சென் என்ற மனிதரோடு பேசுவோம். எந்தப் படையும் எந்தக் கருவூலமும் அவரிடம் இல்லை. சிறு நாட்டின் குடிமகன். பனியில் நடந்த பெயர். சொன்னால் செய்வான் என்ற நம்பிக்கை. இவ்வளவே அவருடைய தூதுப்பத்திரம். பால்டிக் கடலில் நார்வா துறைமுகத்தின் வழியாகவும், கருங்கடல் வழியாகவும், விளாடிவாஸ்டாக் வழியாகவும் கப்பல் கப்பலாகக் கைதிகள் போனார்கள், வந்தார்கள். 1922க்குள் 4,27,886 பேர் வீடு திரும்பினர்.

1921இல் வால்கா ஆற்றுப் பகுதியில் கொடும் பஞ்சம். உள்நாட்டுப் போரும் தானியப் பறிமுதலும் மழையின்மையும் சேர்ந்து விளைவித்த பஞ்சம் அது. ஐம்பது இலட்சம் பேர் வரை மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். நான்சென் ஜெனீவாவில் சங்கத்தின் பேரவை முன் நின்று அரசுகளிடம் கடன் கேட்டார். அமெரிக்காவில் தானியம் குவிந்துகிடக்கிறது, கப்பல்கள் வேலையின்றி நிற்கின்றன, இடையில் குளிர்காலம் வருகிறது என்று எடுத்துரைத்தார். அரசுகள் மறுத்தன. கொடுத்தால் போல்ஷ்விக்குகளுக்கு வலுவாகும் என்பது அவர்கள் அச்சம். பசியோடு செத்தவர்களுள் எத்தனை பேர் போல்ஷ்விக்குகள் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு அவர் ஊர் ஊராகச் சென்று, படங்களைக் காட்டி, பொதுமக்களிடம் பணம் திரட்டினார். உண்மையைச் சொல்வதானால், பஞ்சத்தில் பெரும்பங்கு உணவிட்டது ஹூவரின் அமெரிக்க நிவாரண அமைப்பே. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பேருக்கு அது சோறிட்டது. நான்செனின் பங்கு அதில் சிறியது. புகழ்பாடும் நூல்கள் சில இதை மறைத்து எழுதுகின்றன, அதற்குத் தேவையில்லை.

இனி அந்தத் தாளுக்கு வருவோம்.

ருஷ்யப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் தப்பி ஓடியவர்கள் ஏறத்தாழ 15 இலட்சம். 1920 நவம்பரில் கிரிமியாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1,50,000 பேர் கப்பல்களில் நெரிந்து கான்ஸ்டாண்டிநோப்பிளில் வந்திறங்கினர். 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, வெளியேறியவர்களின் குடியுரிமையைப் பறித்தது. படைத் தலைவரும் பாட்டுக்காரியும் ஆசிரியரும் சமையற்காரரும் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் ஆனார்கள். போருக்கு முன் ஐரோப்பாவில் பல எல்லைகளைப் பாஸ்போர்ட் இல்லாமலே கடக்கலாம். போருக்குப் பின் அது முடியாது. தாள் இல்லாதவன் வேலைக்குப் போக முடியாது, மணம் செய்துகொள்ள முடியாது, அடுத்த ஊரிலிருக்கும் மகனைப் பார்க்கவும் முடியாது.

நாடுகளுக்கிடையே உடன்படிக்கை என்பது மிகப் பழையது. எகிப்தின் இரண்டாம் ராம்சேசும் ஹிட்டைட் மன்னன் ஹத்துசிலியும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட உடன்படிக்கை இன்றும் கிடைக்கிறது. அதிலேயே ஓடிவந்தவர்களைப் பற்றிப் பேச்சுண்டு. என் நாட்டிலிருந்து உன்னிடம் ஓடிவந்தவனைத் திருப்பி அனுப்பு, உன்னிடமிருந்து வந்தவனை நான் அனுப்புகிறேன் என்பது ஏற்பாடு. திருப்பப்பட்டவனைத் தண்டிக்கலாகாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பழங்காலத்துக்கு அது பெரிய கருணைதான். ஆயினும் ஓடியவன் எப்போதும் ஓர் அரசனின் பொருள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரசுகள் அரசுகளோடு பேசின. எந்த அரசுக்கும் உரியவனல்லாத மனிதனுக்கு அப்பேச்சில் இடமே இல்லை.

1922 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் நான்சென் வைத்த திட்டம் மிக எளியது. அகதி இருக்கும் நாட்டின் அரசே அவனுக்கு ஒரு சான்றிதழ் தரவேண்டும். இவர் இன்னார், ருஷ்யராய் இருந்தவர், வேறெந்தக் குடியுரிமையும் பெறாதவர் என்று அதில் எழுதியிருக்கும். மற்ற நாடுகள் அதைப் பயணத் தாளாக ஏற்கும். அவ்வளவே. ஒரே ஒரு தாள். பெரும்பாலும் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். அது எந்த நாட்டையும் கதவைத் திறக்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்த நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைக் கூட அது தொடக்கத்தில் தரவில்லை. குறைகள் அத்தனையும் உண்மை. ஆனாலும் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் காலப்போக்கில் அதை ஏற்றன. 1924இல் ஆர்மீனியருக்கும், 1928இல் அசீரியர் முதலிய வேறு சிலருக்கும் அது விரிந்தது. ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் அதைப் பெற்றனர். இசைமேதை ஸ்டிராவின்ஸ்கியும், ஓவியர் ஷகாலும், எழுத்தாளர் நபக்கோவும் அந்தத் தாளோடு எல்லைகளைக் கடந்தவர்கள். பிற்பாடு ஐந்து தங்க பிராங்கு விலையுள்ள முத்திரை ஒன்றை அதில் ஒட்டினார்கள். முத்திரையில் இருந்தது அரசர் தலையன்று, நான்செனின் முகம்! வசதியுள்ள அகதி வாங்கிய முத்திரைப் பணம் வசதியற்ற அகதிக்குப் போயிற்று.

1922இல் அவருக்கு நோபெல் சமாதானப் பரிசு கிடைத்தது. பணம் கிரேக்க அகதிகளுக்கும், ருஷ்ய உழவருக்கான மாதிரிப் பண்ணைகளுக்கும் சென்றது.

கிரேக்கம் என்றதும் நான் தயங்கும் இடம் வருகிறது. இதை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இராது. 1922 செப்டம்பரில் துருக்கியப் படை ஸ்மிர்னாவைக் கைப்பற்றியது, நகர் எரிந்தது, இலட்சக்கணக்கான கிரேக்கர் கடல் தாண்டி ஓடினர். ஓடிவந்தவர்களுக்கு நிலம் வேண்டும். கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்களின் நிலம் இருக்கிறது. அவர்களைத் துருக்கிக்கு அனுப்பினால் கணக்கு நேராகும். இந்த மக்கட் பரிமாற்றத் திட்டத்தை இரு அரசுகளிடமும் கொண்டுசென்று பேசி, லோசான் மாநாட்டில் முன்வைத்தவர் நான்சென். 1923 ஜனவரி 30ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் அங்கிருந்து இங்கே. நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்கள் இங்கிருந்து அங்கே. கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்துக்கு முன்பே ஓடிவந்தவர்கள். மிஞ்சியவர்களும் இனி நிற்க முடியாது. விருப்பம் கேட்கப்படவில்லை, கட்டாயம். இனத்தை எதனால் அளந்தார்கள்? மொழியாலன்று, மதத்தால். துருக்கி மொழி தவிர வேறறியாத கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குப் போனார்கள். கிரேக்கம் மட்டுமே பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். அம்மாநாட்டை நடத்திய பிரிட்டிஷ் அமைச்சர் கர்சனே இது தீய வழி என்றும் உலகம் இதற்கு விலை கொடுக்கும் என்றும் எச்சரித்தார். எச்சரித்தவாறே கையெழுத்துக்கும் வழிசெய்தார்.

நான்செனுக்கு ஆதரவாகச் சொல்வன உண்டு. பெரும்பாலோர் ஏற்கெனவே ஓடிவிட்டனர், திரும்பினால் கொலை நிச்சயம், குளிர்காலம் நெருங்கிற்று. அவையெல்லாம் சரியே. இருந்தாலும், நாடற்ற ஒரு மனிதனுக்குத் தாள் கொடுத்தவரே, நாடுள்ள பலரை அவர்கள் ஊரிலிருந்து பெயர்க்கும் தாளுக்கும் துணை நின்றார். முதல் தாளில் மனிதனின் பெயர் இருந்தது. இரண்டாவதில் எண்ணிக்கை இருந்தது.

இதை நான் பிறர் கதையாகப் படிக்கவில்லை. என் தாத்தா இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், அவரைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழர் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்பது ஏற்பாடு. அந்த மக்களைக் கேட்கவில்லை. தாத்தா 5,25,000இல் ஒருவரானார். 1974இல் பாட்டியோடும் மூன்று வயதான என் தந்தையோடும் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, கடைசியில் கன்னட நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தேயிலை கிள்ளிய குடும்பம் ரப்பர் மரம் கீறக் கற்றுக்கொண்டது. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். சங்கக் கூட்டங்களில் உனக்கு எந்த ஊர் தம்பி என்று கேட்கும்போது நான் சற்றே திணறுவதன் காரணம் இப்போது நண்பர்களுக்கு விளங்கும். தாத்தாவின் அந்த முதல் பாஸ்போர்ட் இன்றும் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதை அவர் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினார். ஆனால் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் வெளியே எடுத்து, கரையான் அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்.

நான்செனின் கடைசி ஆண்டுகள் ஆர்மீனியருக்காகக் கழிந்தன. 1915 முதல் நடந்த படுகொலைகளில் தப்பியவர்கள் சிரியாவிலும் கிரேக்கத்திலும் சிதறிக் கிடந்தனர். 1925இல் அவரே எரிவானுக்குச் சென்று, வறண்ட நிலத்துக்கு நீர்ப்பாசனம் செய்து அவர்களை அங்கே குடியேற்றலாம் என்று திட்டம் தீட்டினார். விஞ்ஞானியல்லவா, நிலத்தையும் நீரையும் அளந்து கணக்கோடு வந்தார். சங்கத்தில் ஆண்டுக்காண்டு பணம் கேட்டார். ஆண்டுக்காண்டு அனுதாபம் தெரிவித்தார்கள். 1929இல் திட்டம் கைவிடப்பட்டது. பேரவையில் மனம் உருகிப் பேசிய அரசுகளே செலவுக் குழுவில் கையை மூடிக்கொண்டதைப் பார்த்துப் பார்த்து அவர் உடம்பும் சோர்ந்தது.

1930 மே 13ஆம் நாள், ஆஸ்லோவுக்கு அருகில் லீசாக்கரில் உள்ள தம் வீட்டில் நான்சென் காலமானார். நார்வேயின் தேசியத் திருநாளான மே 17இல் இறுதி ஊர்வலம் நடந்தது. சாம்பலை வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். அவர் பெயரால் சர்வதேச சங்கம் அமைத்த அகதிகள் அலுவலகம் 1938இல் நோபெல் பரிசு பெற்றது. அவ்வாண்டு முடிவோடு மூடவும்பட்டது. இட்லரின் ஜெர்மனியிலிருந்து ஓடிவந்தவர்களை அந்த அலுவலகத்தின் பொறுப்பில் விடவில்லை. ஜெர்மனி வருத்தப்படுமே என்று!

அவர் மகன் ஓட் நான்சென் கட்டடக் கலைஞர். யூத அகதிகளை நார்வேக்கு அழைத்துவர 1936இல் அவர் ஓர் உதவி அமைப்பைத் தொடங்கினார். உக்ரைனில் பஞ்ச நிவாரணத்தின்போது தந்தைக்கு உதவியாளராக உழைத்து, 1925இல் ஆர்மீனியப் பயணத்திலும் உடன்சென்ற ஓர் இராணுவ அதிகாரி இருந்தார். திறமையானவர் என்று நான்செனே பாராட்டியவர். அவர் பெயர் விட்குன் குவிஸ்லிங். ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்தபின், 1942 பிப்ரவரியில் அவர்களின் கீழே நாட்டின் தலைமை அமைச்சரானார். அதற்கு முந்தைய மாதமே ஓட் நான்சென் கைதாகியிருந்தார். அவ்வாண்டு நவம்பரில் நார்வேயின் யூதர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஓட் பின்னர் ஜெர்மனியில் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்; மெல்லிய தாள்களில் நாட்குறிப்பு எழுதி ஒளித்து ஒளித்து வெளியே கொண்டுவந்தார். 1945 அக்டோபரில் ஆஸ்லோவில் குவிஸ்லிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஓட் உயிரோடு வீடு திரும்பி, அந்தத் தாள்களை நூலாக்கினார்.